மாமா கடை ஹார்லிக்ஸ்

மில்வாக்கி,
அக்டோபர் 12

அன்பு மச்சான்,

ஒன்பது மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுக்கவில்லை. உன் மகள் வளைகாப்புப் படங்கள் வந்தன. 'அருமை' என்று ஒரு சொல் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். கோபம் இருக்கும். இருக்கட்டும், இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

ஜனவரியில் என் மனைவிக்கு, நீ தங்கச்சி என்று கூப்பிடுகிறவளுக்கு, மார்பில் கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷன், ஆறு சுற்று கீமோ, அதற்கு மேல் ரேடியேஷன். செப்டம்பரோடு எல்லாம் முடிந்தது. இப்போது நன்றாக இருக்கிறாள். தலையில் ஒரு விரற்கடை முடி வளர்ந்திருக்கிறது. தடவிப் பார்த்துக்கொண்டே டிவி பார்க்கிறாள். ஊரில் யாருக்கும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். உன்னிடம் சொன்னால் அத்தைக்குப் போகும், அத்தைக்குப் போனால் தேரடி வரைக்கும் போகும் என்று அவளுக்குத் தெரியும். போன வாரம் அவளே, "அண்ணனுக்கு எழுதுங்க, இனிமே தெரியலாம்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

சரி, நோயைப் பற்றி இவ்வளவு போதும். மீதிக் கடிதம் ஹார்லிக்ஸ் பற்றியது. சிரிக்காதே.

இரண்டாவது சுற்றுக்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரசம் வைத்தால், இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். வாயெல்லாம் புண். இட்லியைக் கரைத்தேன், கஞ்சி வைத்தேன், ஜவ்வரிசி காய்ச்சினேன். இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. ஒரு மாதத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டாள். ஊசி போடுகிற இடத்தில் வயதான நர்ஸ் ஒருவர் இருந்தார். "குளிர்ச்சியாக, கெட்டியாக, சத்தாக எதையாவது கொடு. ஒரு மால்ட் அடித்துக் கொடேன். சின்ன வயதில் எங்கள் ஊர் மருந்துக்கடையில் நாங்கள் அதைத்தான் குடிப்போம்" என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். இங்கிருந்து தெற்கே நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் ரசீன் என்றார்.

மருந்துக்கடையில் என்ன குடித்திருப்பார்கள்? எனக்கு அதுதான் முதலில் மனதில் தைத்தது, மாமாவின் மருந்துக்கடையில் வளர்ந்தவன் அல்லவா. அன்று ராத்திரி அவள் தூங்கிய பிறகு படிக்க ஆரம்பித்தேன். மச்சான், இதெல்லாம் உனக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். சோடாவை இங்கே அமெரிக்காவில் ஆரம்பத்தில் மருந்தாகத்தான் விற்றிருக்கிறார்கள். அதனால் அது மருந்துக்கடைக்குள் வந்தது. பளிங்கு மேடை, அதன்மேல் அன்னக் கழுத்து மாதிரிக் குழாய், பின்னால் வரிசையாக சிரப் ஜாடிகள். மருந்து கலக்கத் தெரிந்த கை சிரப்பும் கலக்கியது. கோக்கோ கோலாவைக் கலக்கியவர் அட்லாண்டாவில் ஜான் பெம்பர்டன் என்ற மருந்தாளர். 1886-ல் அங்கே ஒரு மருந்துக்கடை மேடையில் கிளாஸ் ஐந்து சென்டுக்கு விற்றது. பெப்சியும் ஒரு மருந்தாளர் கைவேலைதான். 1920-லிருந்து 1933 வரை இந்த நாட்டில் மதுவிலக்கு. சாராயக் கடைகளை மூடியதும், சாயங்காலம் உட்கார்ந்து பேச இடம் தேடிய கூட்டம் மருந்துக்கடை மேடைக்கு வந்தது. காதலிப்பவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், வேலை முடிந்தவர்கள் எல்லோரும் உயரமான சுற்று நாற்காலியில் மருந்தாளர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். மாமா மேஜையைச் சுற்றி நம்ம ஆட்கள் உட்கார்ந்து தினத்தந்தியைப் பங்கு போட்டுப் படித்த மாதிரியேதான்.

அந்த மேடையில் மால்ட் என்று கேட்டால் எதைப் போட்டுக் கலக்குவார்கள் என்று தேடினேன். ஹார்லிக்ஸ்!

ஜேம்ஸ் ஹார்லிக், வில்லியம் ஹார்லிக் என்று அண்ணன் தம்பி, இங்கிலாந்துக்காரர்கள். அண்ணன் மருந்தாளர். 1873-ல் சிகாகோவில் தொழில் தொடங்கி, 1876-ல் ரசீனுக்கு வந்துவிட்டார்கள். முளைகட்டிய பார்லியையும் கோதுமை மாவையும் வெந்நீரில் ஊறவைத்தால், முளையில் இருக்கும் நொதி மாவை உடைத்துச் சர்க்கரையாக்கிவிடும். அந்தச் சாற்றோடு பாலைச் சேர்த்து வற்றவைத்துப் பொடியாக்கினார்கள். 1883-ல் காப்புரிமை. கைக்குழந்தைகளுக்காகவும் நோயாளிகளுக்காகவும் செய்த பொடி அது. கெடாது, கனமில்லை என்பதால் துருவப் பயணம் போனவர்கள்கூட அதை எடுத்துப் போனார்கள். அண்டார்டிகாவில் ஹார்லிக் மலைகள் என்று ஒரு மலைத்தொடரே இருக்கிறது. நாம் உள்ளங்கையில் கொட்டி நக்கி, மேலண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்டு கணக்கு வாத்தியாரிடம் மாட்டினோமே, அதே பொடி! 1922-ல் சிகாகோவில் வால்கிரீன்ஸ் மருந்துக்கடையில் வேலை பார்த்த ஐவர் கூல்சன் என்பவர் மால்ட் கலந்த பாலில் வெனிலா ஐஸ்கிரீமை உருட்டிப் போட்டார். அன்றிலிருந்துதான் அது இந்தக் கெட்டி மால்ட் ஆனதாம். வால்கிரீன்ஸ் இன்றும் மருந்துக்கடைதான். அவளுக்கு வாந்தி மாத்திரையை அங்கேதான் வாங்கினேன்.

இன்னொன்றும் கேள். அதே ரசீனில், அதே 1922-ல், ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி என்ற போலந்துக்காரர் பாத்திரத்தின் அடியில் சுழலும் பிளேடு வைத்த கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஹார்லிக்ஸ் மால்ட் கலக்கத்தான் அதைச் செய்தார். அத்தை சட்னி அரைக்கிற மிக்ஸிக்கு அதுதான் பாட்டன். அத்தையிடம் இதை மட்டும் உடனே சொல்லிவிடு.

படித்தது போதும், செய்த கதைக்கு வருகிறேன். முதல் நாள் இங்கே ஓர் இந்திய மளிகைக் கடைக்கு ஓடி ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். திறந்து பார்த்தால் கல் மாதிரிக் கட்டிதட்டிக் கிடந்தது. கரண்டிக் காம்பால் குத்தி உடைத்து, ஐஸ்கிரீமோடு மிக்ஸியில் போட்டு ஓட்டினேன். பிளேடு ஐஸ்கிரீமை அறுத்துச் சூடாக்கிவிட்டது. தண்ணியாக, மேலே பொடித் திப்பியோடு வந்தது. வாய்ப்புண்ணில் அந்தத் திப்பி பட்டதும் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு அப்போது வந்த ஆத்திரம் அந்தக் கடைக்காரன் மேலா, பொடி மேலா, வேறு எதன் மேலா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாளே ஒரு மால்ட் மெஷின் வாங்கினேன். மேலிருந்து ஒரு கம்பி இறங்கும், நுனியில் சின்ன வட்டத் தகடு. அது அறுக்காது, கலக்கிக் கலக்கிக் காற்றை உள்ளே ஏற்றும். ஹாமில்டன் பீச் கம்பெனி மெஷின். அந்தக் கம்பெனியும் 1910-ல் ரசீனில் பிறந்ததுதான்.

பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். ஐஸ்கிரீமை ஃப்ரீஸரிலிருந்து எடுத்தவுடன் போடக்கூடாது. கரண்டி அமுங்குகிற பதம் வரவேண்டும். பால் நூறு மில்லி போதும், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடினாலும் நீர்த்துவிடும், கெட்டி மால்ட் ஆகாது. பழைய கடைக்காரர்கள் பொடியைக் கடைசியில் மேலே தூவுவார்களாம். நான் அதைப் பின்பற்றவில்லை. மூன்று கரண்டி ஹார்லிக்ஸைக் குளிர்ந்த பாலில் ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, ஸ்பூனால் மசித்து, அப்புறம்தான் மூன்று உருண்டை வெனிலாவைச் சேர்த்தேன். திப்பி என்பதே இல்லை. நம்ம ஹார்லிக்ஸில் சர்க்கரை ஏற்கெனவே இருப்பதால் வேறு இனிப்பு வேண்டாம். அந்தக் காலத்தில் ஒரு பச்சை முட்டையையும் உடைத்து ஊற்றியிருக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்ததால் அவளுக்கு அதைச் செய்யவில்லை, நீயும் செய்யாதே. சாக்லேட் சிரப் ஊற்றினால் அவளுக்குக் கசந்தது. வெறும் வெனிலாவும் ஹார்லிக்ஸும் மட்டும்தான் ஒத்துக்கொண்டது.

இங்கே பழைய கடைகளில் மால்ட் கேட்டால் கிளாஸில் ஊற்றிவிட்டு, அடித்த ஸ்டீல் குவளையையும் பக்கத்திலேயே வைப்பார்கள். வெளியே பனி பூத்திருக்கும், உள்ளே இன்னும் ஒரு கிளாஸ் மிச்சம் இருக்கும். எனக்கு அந்தக் குவளை மேல் ஆசை. ஆனால் எந்த உலோகம் உதட்டில் பட்டாலும் அவளுக்கு அந்த இரும்பு ருசி வந்துவிடும். அதனால் கண்ணாடி கிளாஸ், பிளாஸ்டிக் ஸ்பூன். கிளாஸை இருபது நிமிஷம் ஃப்ரீஸரில் வைத்து எடுப்பேன்.

ஏப்ரல் மாதம் ஒரு சாயங்காலம் ஒரு கிளாஸ் முழுவதையும் குடித்தாள். குடித்துவிட்டு, "குவளையில மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் சமையலறையே சோடாக்கடை ஆகிவிட்டது. ஊரிலேயே நல்ல சரக்கு இருக்கிறது. மில்வாக்கியில் ஐஸ்கிரீமுக்குப் பதில் கஸ்டர்ட் என்று முட்டை மஞ்சள் கரு சேர்த்து உறைய வைப்பார்கள். காற்று குறைவு, கனம் அதிகம். அதைப் போட்டு மால்ட் அடித்தால் ஸ்ட்ரா நட்டுக்கொண்டு நிற்கும். சின்னவனுக்கு நியூயார்க்கின் எக் கிரீம் பைத்தியம் பிடித்துவிட்டது. பெயரில்தான் முட்டையும் கிரீமும். உள்ளே இருப்பது பால், சோடா, சாக்லேட் சிரப் மூன்றே மூன்று. புரூக்ளினில் 1900-ல் தொடங்கிய ஒரு குடும்பக் கம்பெனியின் ஃபாக்ஸ் யூ-பெட் சிரப்தான் வேண்டும் என்று அடம். அடியில் இரண்டு விரல் குளிர்ந்த பால், அதன்மேல் சோடாவை வேகமாக அடித்து நுரை விளிம்புக்கு வந்ததும் சிரப்பை நடுவில் விட்டு, ஸ்பூனை அடியில் மட்டும் ஆட்ட வேண்டும். நுரை வெள்ளையாக நிற்க வேண்டும். பழுப்பாகிவிட்டால் மறுபடி செய்கிறான். நம் பன்னீர் சோடாவைப் பாலில் விட்டுப் பார்க்காதே. உனக்கு அந்த எண்ணம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜூலையில் நாக்கு திரும்பியதும் உப்பு கேட்டாள். ரொட்டிக்கு வெளியே வெண்ணெய் தடவி, உள்ளே சீஸ் வைத்து, தோசைக்கல்லில் சின்னத் தீயில் மூடி போட்டு வாட்டிக் கொடுத்தேன். பக்கத்தில் தக்காளி சூப். அந்தச் சூப்பில் நான்கு மிளகு தட்டிப் போட்டது மட்டும் நம்ம வேலை.

ரேடியேஷன் முடிந்த மறு சனிக்கிழமை அவளை ரசீனுக்குக் கூட்டிப் போனேன். அந்தப் பழைய ஹார்லிக்ஸ் ஆலைக் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. கோட்டை மாதிரி மதில் பற்கள் வைத்த செங்கல் சுவர். மணிக்கூண்டு. உள்ளே குடியிருப்புகளாக மாற்றியிருக்கிறார்கள். அவள் சுவரைத் தொட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம், "அண்ணன் கடை அலமாரியில மேல் தட்டுல வரிசையா இருக்குமே" என்றாள். கல்யாணமாகி முதல் தடவை உன் வீட்டுக்கு வந்தபோது பார்த்ததாம். எனக்கு அது நினைவிலேயே இல்லை.

இனி உன் கடைக்கு வருகிறேன். ஆகஸ்டில் நீ அனுப்பிய செய்தியை அப்போதே படித்துவிட்டேன். பதில் எழுதத்தான் மனம் வரவில்லை. பொங்கலுக்குள் கடையைக் காலி செய்கிறேன், ஆன்லைனோடும் தள்ளுபடிக் கடைகளோடும் இனி மல்லுக்கட்ட முடியாது என்று எழுதியிருந்தாய். இங்கே மருந்துக்கடை மேடைகள் போனதும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஜனங்கள் கார் வாங்கினார்கள், பாட்டிலில் அடைத்த சோடா வீட்டுக்கே வந்தது, நின்று பேச நேரமில்லாத பெரிய கடைகள் வந்தன. அந்த நர்ஸ் குடித்த கடை இப்போது இல்லை. உன்னை நடத்து என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இத்தனை வருஷம் நின்ற கால் உன்னுடையது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பழைய கணக்கு நோட்டுகளைப் பேப்பர்காரனுக்குப் போடப் போகிறேன் என்று அதே செய்தியில் எழுதியிருந்தாய். போட்டுவிடாதே. 1989-ல் எனக்கு டைபாய்டு வந்தது, ஒன்பதாம் வகுப்பு, ஞாபகம் இருக்கிறதா? அப்பாவிடம் அப்போது கையில் ஒன்றுமில்லை. மாமா இரண்டு பாட்டில் ஹார்லிக்ஸை உன்னிடமே கொடுத்தனுப்பினார். நீ வழியில் ஒன்றைத் திறந்து தின்றுவிட்டு வந்தாய், அதை விடு. அப்பா சாகும் முன்னால் ஒரு நாள் சொன்னார்: சம்பளம் வந்ததும் பணத்தோடு போனாராம், மாமா நோட்டைப் புரட்டி, அப்பா பேருக்கு நேரே கோடு போட்டுவிட்டு, "பையன் குடிச்சானா, அது போதும்" என்றாராம். அந்தப் பக்கம் இருக்கிறதா என்று பார். ஆவணி அல்லது புரட்டாசியாக இருக்கும். கிழிக்காதே, போட்டோ எடுத்து அனுப்பவும் வேண்டாம், நோட்டை அப்படியே எடுத்து வை.

டிசம்பர் 27 காலையில் மதுரையில் இறங்குகிறோம், மூன்று பேரும். மெஷினைப் பெட்டியில் வைத்துவிட்டேன், கரண்டுக்குத் தகுந்த மாற்றியோடு. ஆவின் வெனிலா ஒரு லிட்டர் வாங்கி வை. அத்தைக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று முன்னாலேயே பார்த்துச் சொல். அரை கிளாஸாவது கொடுக்க முடியுமா என்று தெரிய வேண்டும். உன் ஃப்ரீஸரில் இருக்கிற மீனை அன்றைக்கு மட்டும் வெளியே எடுத்துவிடு.

உன் கூட்டாளி