தெச்சி மஞ்சளிப்பது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்கலைப் பக்கம் புது வீடு கட்டுவோர், சுற்றுச்சுவரை ஒட்டிக் குட்டை இட்லிப்பூச் செடிகளை (நாங்கள் தெச்சி என்போம்) வரிசையாக நடுவதும், தளிர் மஞ்சளித்ததும் யூரியாவை அள்ளிப் போடுவதும் வழக்கமாகிவிட்டன. நானும் அப்படித்தான் செய்தேன். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை வெளுத்தே இருந்தது. சிமெண்டுப் பூச்சிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டுவதால், அமில மண்ணை விரும்பும் இச்செடியின் வேர்கள் இரும்புச்சத்தை எடுக்க இயலாமற்போவதே காரணம். சுவரிலிருந்து 2 அடி தள்ளி, செம்மண்ணும் மட்கிய சாணமும் கலந்து நட்டபின் தேறியது. இரு பருவமழையும் பெறும் நம் குமரி மாவட்டத்தில் தண்ணீர் தேங்காத மேட்டுப்பாத்தியும் அவசியம். பூங்கொத்து தளிரின் நுனியிலேயே வருமாதலால், அழகுக்காக மாதந்தோறும் மட்டமாகக் கத்தரிப்பவர்கள் மொட்டையே வெட்டி எறிகிறார்கள்; பூத்து ஓய்ந்தபின் கவாத்து செய்தால் போதும்.

இப்படிக்கு,
வாசகர், தக்கலை