வேகச் செய்தியில் திசையையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சீனாவின் யாங்வாங் யூ9 எக்ஸ்ட்ரீம் மின்சாரக் கார் மணிக்கு 496.22 கி.மீ. வேகம் தொட்டு உலகிலேயே முதலிடம் பிடித்ததாகத் தங்கள் வாகனப் பக்கத்தில் செய்தி வந்திருந்தது. எண்ணில் தப்பில்லை. 2025 செப்டம்பரில் ஜெர்மனியின் பாப்பன்புர்க் சோதனைத் தளத்தில் மார்க் பாசெங் ஓட்டிக் காட்டிய வேகம் அது. ஆனால் ஒரு திசையில் மட்டும் ஓடி எடுத்தது. அதைச் சொல்லாமல் விட்டதால், வேறு வகையில் அளந்த பழைய சாதனைகளோடு இதுவும் ஒரே வரிசையில் நின்றுவிட்டது.

ஆடி மாதம் வாளையாறு ரோட்டில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். பாலக்காட்டிலிருந்து கோவைக்குப் போகும்போது கணவாய்க் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். திரும்பி வரும்போது அதே அளவு ஆக்சிலரேட்டர் முறுக்கினாலும் வண்டி திணறும். அதனால்தான் முறையான சாதனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் ஓடிக் காட்டி, இரண்டின் சராசரியை எடுக்கிறார்கள்.

2017 நவம்பரில் அமெரிக்காவின் நெவாடாவில் கோனிக்செக் அகேரா ஆர்எஸ் ஒரு திசையில் 457.94 கி.மீ. வேகத்தில் ஓடியது. திரும்பி வருகையில் 436 சொச்சம்தான். பதிவான சராசரி 447.19. அதே கார், அதே ரோடு, அதே ஓட்டுநர். வித்தியாசம் 21 கி.மீ.! 2019-ல் புகாட்டி சிரோன் எட்டிய 490.48 கி.மீ.யும் ஒரு திசை வேகம்தான்.

காற்றைக் கிழிக்க வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடியில் ஏறும், அதாவது வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு. உடுமலை, பல்லடம் காற்றாலைகளுக்கும் இதே கணக்குத்தான். முகப்புப் பரப்பு 2 சதுர மீட்டர், காற்றுத்தடைக் கெழு (காரின் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண், குறைந்தால் நல்லது) 0.30 உள்ள காருக்கு, 400 கி.மீ. வேகத்தில் காற்றுக்கு மட்டும் சுமார் 670 குதிரைத்திறன் போகும். 500-க்கு 1,300 வேண்டும். 500-ல் ஓடும்போது 20 கி.மீ. பின்காற்று கிடைத்தால் அதில் 8 சதவீதம், அதாவது நூறு குதிரைத்திறன், சும்மா கிடைத்த மாதிரி.

டயரையும் செய்திகளில் யாரும் கண்டுகொள்வதில்லை. 500 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு 3,700 முறைக்கு மேல் சுற்றும். டிரெட்டில், அதாவது ரோட்டில் படும் பள்ளக் கோடுகளில், சிக்கிய ஒரு கிராம் கல் ஐந்தரை கிலோ எடை போல வெளியே இழுக்கும். காற்று அடைக்கும் வால்வின் மூடி இரண்டு கிராம்கூட வராது. அந்த வேகத்தில் அது ஆறேழு கிலோவாக இழுக்கும். இழுவையில் டயர் விரிந்து சுற்றளவு கூடுவதால், சக்கரச் சுற்றை எண்ணிக் காட்டும் ஸ்பீடோமீட்டரை நம்ப முடியாது. ஜிபிஎஸ் கருவிப் பதிவு கட்டாயம் வேண்டும். வாங்கியவர்களுக்குத் தந்த புகாட்டி சிரோன் சூப்பர் ஸ்போர்ட் 300+ காருக்கு 440 கி.மீ.க்கு மேல் போகாதபடி கட்டுப்பாடு இருக்கிறது. 490 ஓடியது ரோல் கேஜ் (கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டு) பொருத்தி, உயரம் குறைத்த சோதனை வண்டி.

வீடியோவை வைத்து வாசகர்களே சரிபார்க்கலாம். 500 கி.மீ. வேகம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 7.2 விநாடி. 8 விநாடி ஆனால் 450 தான். ரோட்டோரம் தெரியும் இரண்டு அடையாளங்களுக்கு இடையே உள்ள தூரத்தை மேப்பில் அளந்து, வீடியோவில் எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தால் போதும். 2020 அக்டோபரில் அமெரிக்காவின் எஸ்எஸ்சி நிறுவனம் தன் டுவாட்டாரா காரின் சராசரி 508.73 கி.மீ. என்று அறிவித்தபோது ஆர்வலர்கள் இப்படித்தான் கணக்குப் போட்டார்கள். உதைத்தது. நிறுவனம் அந்தச் சாதனையைக் கைவிட்டு, 2021 ஜனவரியில் மறுபடி ஓட்டியது. வந்தது சராசரி 455 கி.மீ. அளவுதான். கோனிக்செக் ஜெஸ்கோ அப்சொலூட்டுக்குச் சொல்லப்படும் 531 கி.மீ. கம்ப்யூட்டர் கணிப்பு, ஓடிக் காட்டியதல்ல. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகம் எட்டும் நேரத்தைச் சொல்லும் 0-100 எண்களிலும் முதல் ஓரடி தூரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடும் பழக்கம் உண்டு. அதில் கால் விநாடி வரை குறையும்.

தோற்றம் பற்றி ஒரு வார்த்தை. பின்னால் பெரிய விங் இருந்தால்தான் வேகக் கார் என்று நினைக்கிறார்கள். விங் டவுன்ஃபோர்ஸுக்கு, அதாவது வளைவில் காரை ரோட்டோடு அழுத்துவதற்கு. நேர்ரோட்டில் அது சுமை. ஜெஸ்கோவின் இன்னொரு வகையான அட்டாக்கில் பெரிய விங் உண்டு, டவுன்ஃபோர்ஸ் 1,400 கிலோ வரை. அப்சொலூட்டில் விங்கை எடுத்துவிட்டு இரண்டு செங்குத்துத் துடுப்புகள் வைத்து, வாலை 85 மில்லிமீட்டர் நீட்டினார்கள். டவுன்ஃபோர்ஸ் 150 கிலோ, கெழு 0.278. சிரோன் சூப்பர் ஸ்போர்ட் 300+ வாலும் சுமார் 25 சென்டிமீட்டர் நீண்டது. சைலன்சர் குழாய்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஓரத்துக்குத் தள்ளினார்கள். எங்கள் கண்ணுக்கு அந்த நீண்ட வால்தான் அழகு. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் காரணம் இருக்கிறது.

இங்கே முன்சக்கர இழுவையுள்ள சின்னக் கார்களின் பின்கதவில் துளை போட்டு விங் மாட்டுகிறார்கள். நம் ரோட்டு வேகத்தில் அதனால் பிடிப்பு கூடாது. மழைத் தண்ணீர் அந்தத் துளை வழியே இறங்கி, கதவு உள்ளிருந்து துருப்பிடிப்பதுதான் மிச்சம்.

இனி வேகச் செய்தி போடும்போது ஒரு திசையா இரு திசையா, ஓடியதா கணிப்பா, விற்பனைக் காரின் கட்டுப்பாடு எவ்வளவு என்ற மூன்றையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டுகிறோம். முகப்புப் படத்தோடு பக்கவாட்டுப் படம் ஒன்றும் போடுங்கள். வால் அதில்தான் தெரியும்.

இப்படிக்கு,
கார் ஆர்வலர்கள் சிலர்,
வேலந்தாவளம், பாலக்காடு மாவட்டம்.