பனிமய மாதா ஆலயமும் முத்து நகரமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தைப் பற்றி ஆண்டுதோறும் ஆகஸ்டு 5 திருவிழாவை ஒட்டி மட்டுமே செய்திகள் வருவது எனக்கு வருத்தமளிக்கிறது. 1713இல் திறக்கப்பட்ட இவ்வாலயம், 1982இல் பேராலயமாக உயர்த்தப்பட்ட பின்னரும், முத்துக்குளித்தலாலும் மீன்பிடித்தலாலும் வாழ்ந்த பரதவ மக்களின் பங்குக் கோயிலாகவே, அதாவது அப்பகுதிக் கத்தோலிக்கரின் சொந்த வழிபாட்டுத் தலமாகவே, இருந்துவருகிறது. ஞானஸ்நானம், திருமணம், இறுதிச் சடங்கு என அவர்களது தலைமுறைகளின் வாழ்வு அதன் பீடத்தின் முன்தான் கழிந்திருக்கிறது. ஜூலை 26இல் கொடியேறியதும் இந்துக்களும் பிற கிறிஸ்தவ சபையினரும் நேர்ச்சையுடன் வந்து சேர்வதை இவ்வூரார் இயல்பாகவே கருதுகிறார்கள். 1806இல் முதன்முதலில் ஓடிய தங்கத்தேர், சிறப்பு ஆண்டுகளில் மட்டும் வீதிக்கு வரும்போது நகரமே திரள்கிறது.

ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் இத்தகைய பழைய பங்குகளின் அரிய செல்வம். எழுதப்படாத கடலோர வரலாற்றுக்கு அவையே முதன்மைச் சான்று என்பதால், உப்புக்காற்று அரிக்கும் முன் அவற்றை மின்னுருவாக்கம் செய்ய இவ்வாலயத்தை நிர்வகிக்கும் கத்தோலிக்க மறைமாவட்டமும் தமிழக அரசின் ஆவணக் காப்பகமும் இணைந்து முன்வர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தூத்துக்குடி