கமா சிக்கிய கணக்கு

அம்மிணி,

நல்லா இருக்கிறாயா. இங்கே எல்லோரும் சுகம், தறி ரெண்டு ஷிப்ட் ஓடுகிறது, கூலிதான் ஏறவில்லை. மூணு ஞாயிறாக நீ போன் எடுக்கவில்லை, வேலை இருக்கும், நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

எழுத வந்தது வேறு. காலேஜில் படிக்கும்போது நீ எழுதிக் கொடுத்த கூலிக் கணக்கு பைத்தான் புரோகிராம் போன வாரம் படுத்துவிட்டது. சோமனூரிலிருந்து கடைக்காரப் பையனைக் கூப்பிடலாம் என்றாள் அம்மா, நான் விடவில்லை. கறுப்புத் திரையைத் திறந்து அடித்தால் அப்படி ஒரு பைலே இல்லை என்கிறது. அரைமணி நேரம் கழித்துத்தான், வேறு போல்டரில் நின்றுகொண்டு கூப்பிடுகிறேன் என்று உறைத்தது. சிடி என்று அடித்துச் சரியான போல்டருக்குள் போய் ஓட்டினால் ஏழெட்டு வரிக்கு எரர். கடைசி வரியை முதலில் படிங்கப்பா என்று நீ கத்துவாயே, படித்தேன். வேல்யூ எரர், 1,250 என்பதை எண்ணாக மாற்ற முடியாதாம். அறுநூறு வரியில் அது எந்த வரி? நோட்டின் பின்னட்டையில் நீ எழுதி வைத்தபடி, பைல் பேருக்கு முன்னால் மைனஸ் ஐ போட்டு ஓட்டினேன். எரர் வந்த பிறகும் மூடிக்கொள்ளாமல் மூணு அம்புக்குறியோடு காத்து நிற்கிறது. படிக்கிற வரிக்கு நீ வைத்த பேரை, 'ரோ' என்று அடித்ததும் அந்த வரி முழுசாக வந்து விழுந்தது. ஆடிநோம்பிக்கு முந்தின நாள் இறக்கிய துணி, எக்செலில் மீட்டரை உன் அம்மா கமாவோடு ஏற்றியிருக்கிறாள். கமாவை எடுத்தேன், ஓடியது. 62 வயதில்! பெரியப்பாவிடம் சொல்லிச் சொல்லி அவருக்கே சலித்துவிட்டது.

அவர்தான் பெங்களூரில் ஆள் குறைக்கிறார்கள் என்று பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினார். நான் வாங்கிப் பார்க்கவில்லை. இந்த மாசம் நீ பணம் போடவில்லை, பணத்துக்காகச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாப்பாட்டை மட்டும் விடாதே.

இன்னொன்று. முதல் வருசம் உன் கணக்கில் என் நோட்டைவிட 4,000 ரூபாய் கூட வந்தது, ஞாபகம் இருக்கிறதா? அம்மா எதிரில், இதற்குத்தான் லட்சக்கணக்கில் கட்டிப் படிக்க வைத்தேனா என்று கேட்டேன். உன் கணக்கு சரிதான் கண்ணு. அந்தக் கூலியை வாங்கி அப்படியே சித்தப்பா கையில் கொடுத்துவிட்டு நோட்டில் ஏற்றாமல் விட்டது நான். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். நீ விடிய விடிய உட்கார்ந்து, திரையில் காட்டச் சொல்லி வரிக்கு வரி பிரிண்ட் கட்டளை போட்டு, இல்லாத தப்பைத் தேடினாய். கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தத் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன், எழுந்து வந்து சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பிரிண்டெல்லாம் இன்னும் உள்ளேயே இருக்கிறது, ஓடாமல் இருக்க முன்னால் ஹாஷ் போட்டு வைத்திருக்கிறாய். இப்போதுதான் பார்த்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தறியை நிறுத்தி வைக்கிறேன், சத்தம் இருக்காது. அம்மா சந்தைக்குப் போயிருப்பாள். கூப்பிடு.

அப்பா