மாடில ஷீட்டு போடுறதுக்கு முந்தி ஒரு வார்த்த

மாப்ள,

ஒன் லெட்டர் வந்து நாளாச்சு, எழுதணும் எழுதணும்னு இருந்து அப்பிடியே தள்ளிப் போயிட்டு, கோவிச்சிக்காத. இங்கன எல்லாரும் சொகந்தான். எனக்கு மொழங்கால் வலிதான் விடமாட்டேங்கு, டாக்டர் மாடிப்படி ஏறாதீங்கங்காரு, கட்டட வேல பாக்குறவன்ட்ட போயி மாடி ஏறாதன்னா எப்பிடிலே. மூத்தவ அமெரிக்காவுல வீடு கட்டி குடி போயாச்சு, அதப்பத்தி பொறவு சொல்லுதேன். ஆனி பொறந்ததும் பணகுடில காத்து பேயா அடிக்கு, கொடில போட்ட வேட்டிய பக்கத்துத் தெருவுல போயி எடுத்துட்டு வாரேன்.

நீ பம்பாய விட்டுட்டு உவரில வந்து வீடு கட்டுதது எனக்கு அவ்வளவு சந்தோசம். லின்டல் மட்டம் முடிஞ்சிட்டு, அடுத்து ரூஃப் காங்கிரீட்டுன்னு எழுதிருக்க. ஓகி புயல் மாதிரி இன்னொண்ணு வந்தா தாங்குமா, ரூஃப அஞ்சு இஞ்சுக்குப் பதிலா ஏழு இஞ்சு போடவான்னு கேட்டிருக்க, சரி. ஆனா கடைசில போறபோக்குல ஒரு வரி எழுதிருக்க பாரு, மாடில ஒரு 600 சதுரடிக்கு ஷீட்டு போட்டு சாயங்காலம் கடல பாத்து உக்காரப்போறேன்னு, எனக்கு அதப் படிச்சதும்தான் பயமே வந்துச்சு. ஏழு இஞ்சுல்லாம் வேண்டாம் மாப்ள. ஒன் வீட்டுல பறக்கப்போறது காங்கிரீட்டு இல்ல, அந்த ஷீட்டுதான்.

கணக்கு சொல்லுதேன் கேளு. ஐ.எஸ். 875 மூணாம் பாகம்னு காத்துக்குன்னே ஒரு கட்டட விதிப் புத்தகம் இருக்கு, அதுல நம்ம திருநெல்வேலி பக்கத்துக்கு நொடிக்கு 39 மீட்டர் வேகம்னு போட்டிருக்கான், மணிக்கு 140 கிலோமீட்டர்னு வச்சுக்க (சென்னைக்கு 50 மீட்டர்). அந்த வேகத்துல ஒரு சதுரடிக்கு கிட்டத்தட்ட எட்டரக் கிலோ அழுத்தம் வருது. அஞ்சு இஞ்சு காங்கிரீட்டு ஒரு சதுரடி எட கிட்டத்தட்ட 30 கிலோ, அதக் காத்து எங்கன தூக்க. ஷீட்டு சதுரடிக்கு அர கிலோ. ஒன் 600 சதுரடிக்கும் சேத்துப் பாத்தா மேல தூக்குற விசை 5 டன் வருது, ஷீட்டோட மொத்த எட 300 கிலோ. மிச்சத்தப் பூரா பிடிச்சு வச்சிருக்கப்போறது நீ போடுற ஸ்க்ரூவும் வெல்டிங்கும்தான். இன்னொண்ணு, வேகம் ரெண்டு மடங்கானா அழுத்தம் நாலு மடங்கு ஆவும், அதனால கொஞ்சம் காத்துதான கூடுதுன்னு நெனைக்கக்கூடாது.

நம்ம ஆளுவ காத்து தெரியாதவங்க இல்ல. ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வார காத்துல பொறந்து வளந்தவங்க. எங்க தாத்தா வீட்டு ஓட்டுக்கு மேல வரிசையா சுண்ணாம்புப் பட்ட ஓட்டிருப்பாவ ஞாவகம் இருக்கா, ஓடு கெளம்பாம இருக்கதுக்குத்தான் அது, மேக்கச் செவத்துல ஒரு ஜன்னல் கூட இருக்காது. எல்லாம் மேக்காத்துக்குன்னு பாத்துப் பாத்து கட்டுனது. இப்பவும் மாடில ஷெட்டு போடுறவன் என்ன செய்யுதான், மேக்க முழுசா ஷீட்டு வச்சு அடச்சிட்டு கெழக்கயும் வடக்கயும் தெறந்து விட்டுருதான். ஆடிக்காத்துக்கு அது சரிதான், ஒண்ணும் ஆவாது. ஆனா புயல் மேக்க இருந்தா வருது? ஓகி 2017 நவம்பர் 30ஆம் தேதி கன்னியாரிக்குத் தெக்க கடல்லதான் போச்சு, அப்பிடிப் போனா நமக்குக் காத்து கெழக்க இருந்தும் வடகெழக்க இருந்தும்தான் அடிக்கும். தெறந்த பக்கம் வழியா காத்து உள்ள வந்து மேக்க அடச்ச ஷீட்டுல முட்டி வெளிய போவ வழியில்லாம சாக்குப்பைக்குள்ள அடச்ச மாதிரி உப்பி மேல தள்ளும், வெளிய ஷீட்டுக்கு மேல போற காத்து உறிஞ்சும், ரெண்டும் சேந்தா அந்தால தூக்கிட்டுப் போயிரும். நாகர்கோவில் பக்கம் அன்னைக்கு விழுந்த கரண்ட் போஸ்டும் ரப்பர் மரமும் நீ டிவில பாத்திருப்ப, அதுக்கு நடுவுல மாடி ஷெட்டு எத்தன பறந்து அடுத்த வீட்டு மேல கெடந்துச்சுன்னு எங்கள மாதிரி தொழில்ல இருக்கவனுக்குத்தான் தெரியும்.

சரி, அமெரிக்கா கத. மூத்தவ இருக்கது புளோரிடாவுல டாம்பா பக்கம், போன வருசம் அவ வீட்டு வேல நடக்கும்போது நானும் ஒந்தங்கச்சியும் அங்கதான் இருந்தோம். ஊர சுத்திப் பாருங்க மாமான்னாரு மருமவன், நான் தெனம் சைட்டுக்குப் போயி நின்னுட்டேன். செவரு நம்ம ஹாலோ பிளாக் மாதிரிதான், உள்ள கம்பி விட்டு காங்கிரீட்டு ஊத்துதான், செவத்து மேல சுத்தி காங்கிரீட்டு பெல்ட்டு. ஆனா ரூஃப் பூரா மரம். மர டிரஸ்சு, அதான் கூரையத் தாங்குற முக்கோணச் சட்டம், மேல பிளைவுட்டு, அதுக்கு மேல ஷிங்கிள்னு ஒரு தாரு அட்ட. எனக்கு மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு, இத வச்சுக்கிட்டா மணிக்கு 250 கிலோமீட்டர் புயலுக்கு நிக்கப்போறான்னு.

பொறவுதான் அந்தப் பட்டயப் பாத்தேன். ஒரு சாணுக்கு மேல நீளமா ஒரு தகரப் பட்ட, துத்தநாகம் பூசுனது, வரிசையா ஓட்ட போட்டிருக்கும், நடுவுல ஒரு முறுக்கு. டிரஸ்சு செவத்து மேல உக்காருற ஒவ்வொரு எடத்துலயும் அது ஒண்ணு, ஒரு மொன பெல்ட்டு காங்கிரீட்டுக்குள்ள ஈரத்துலயே சொருவிருக்கு, இன்னொரு மொன டிரஸ்சு மேல வளஞ்சு வந்து ஆணி. எத்தன ஆணி சொல்லிருக்கோ அத்தனையும் அடிக்கணும், ஒண்ணு விட்டாலும் இன்ஸ்பெக்டர் விடமாட்டாரு. அவரு வந்தாரு, ஏணி வச்சு ஏறி ஒவ்வொண்ணா டார்ச் அடிச்சுப் பாத்தாரு, ஒரு மூலைல ஆணி கொறையுதுன்னு சாக்பீஸ்ல வட்டம் போட்டுட்டுப் போயிட்டாரு, அத அடிச்சுக் காட்டுன பொறவுதான் சீலிங்க மூட விட்டாரு. ஒரு பட்ட வெல அங்க ஒரு காப்பி வெலகூட வராது. காத்து தூக்குற விசை ரூஃப்ல இருந்து டிரஸ்சு, டிரஸ்சுல இருந்து பெல்ட்டு, அங்கருந்து செவத்துக் கம்பி, கடைசில பவுண்டேசன்னு விடாம கீழ எறங்கணும், அவ்வளவுதான் அவன் தத்துவம். நடுவுல ஒரு எடத்துல கண்ணி விட்டா மிச்சம் எவ்வளவு பலமா இருந்தும் பிரயோசனம் இல்ல.

இதெல்லாம் அவனும் சும்மா படிக்கல. 1992 ஆகஸ்ட் 24ல ஆண்ட்ரூன்னு ஒரு புயல் மியாமிக்குத் தெக்க அடிச்சு 25,000 வீட்டுக்கு மேல இல்லாமலே ஆயிட்டு. பொறவு போயி பாத்தா பிளைவுட்ட அடிச்ச ஸ்டேப்பிள் மரத்துல ஏறவே இல்ல, பக்கத்துல காத்துல தொங்குது. எவனோ கான்ட்ராக்டர் அவசரத்துல மிசின வச்சு டப் டப்புன்னு அடிச்சிட்டுப் போயிருக்கான், மேல அட்ட மூடிட்டா யாருக்குத் தெரியும், அங்கயும் நம்ம ஆளுவதான் போல. அதுக்குப் பொறவுதான் 2002ல மாநிலம் முழுசுக்கும் ஒரே கட்டட விதி கொண்டாந்தாவ. மியாமி பக்கம் ஜன்னல் கண்ணாடிக்கு ஒரு சோதன வச்சிருக்கான் பாரு, நாலு கிலோ மரச்சட்டத்த பீரங்கி மாதிரி ஒண்ணுல வச்சு மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்துல கண்ணாடில சுடுவான், கண்ணாடி ஒடையலாம், ஆனா ஓட்ட விழக்கூடாது. ஏன்னா ஓட்ட விழுந்தா காத்து உள்ள வரும், வந்தா உள்ள இருந்து ரூஃப தூக்கும். கார் ஷெட்டு கதவும் அதே கதிதான், அகலமா இருக்கும் லேசா இருக்கும், அது போச்சுன்னா பின்னாலயே ரூஃப் போவும். நம்ம ஊருல புயலடிச்சா ஜன்னலத் தெறந்து வை, காத்து போவ வழி விடுன்னு பெருசுங்க சொல்லும்லா, அங்கயும் அப்பிடித்தான் சொல்லிட்டு இருந்திருக்கான், அது தப்பு மாப்ள, எல்லாத்தயும் இறுக்கிச் சாத்திரணும்.

ஒனக்கு இதுல எது வேணும்னா, ஒன் ரூஃப் காங்கிரீட்டு, அது எடயிலயே நிக்கும், கம்பி பெல்ட்டோட பில்லரோட கட்டி இருக்கு, அத விட்டுரு. அந்தக் கண்ணி வுடுற எடம் ஷீட்டுலதான். வழக்கமா என்ன நடக்கும்னா வீடு முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சு ஒரு வெல்டிங் பட்டறக்காரன கூப்புடுவ, அவன் கைப்பிடிச் செவத்து மேல பைப்ப நிறுத்தி ரெண்டு சட்டி கலவ போட்டுட்டுப் போயிருவான். நாலு இஞ்சு செங்கச் செவரு அது, ஷீட்டு கெளம்புனா செவத்தயும் பேத்துட்டுத்தான் கெளம்பும், கீழ நிக்கவன் தலைல செங்கலும் விழும். ரூஃப் போடுறதுக்கு முந்தியே எந்தப் பில்லருக்கு மேல ஷெட்டு காலு வரணும்னு முடிவு பண்ணி, அந்தப் பில்லர் தலைல பீம் கம்பியோட சேத்து கட்டி நாலு நாலு ஆங்கர் போல்ட்ட வெளிய நீட்டி விட்டுட்டு காங்கிரீட்டு போடு. பொறவு ஷெட்டு காலோட அடித் தகட்ட வச்சு நட்ட முறுக்குனா போதும். இப்ப ஆவுற செலவு ஒண்ணுமே இல்ல, பொறவு ஓட்ட போட்டு வைக்கணும்னா எல்லாம் தண்டம். பர்லினு, அதான் ஷீட்டத் தாங்குற குறுக்குச் சட்டம், டிரஸ்சு மேல சும்மா புள்ளி வெல்டிங் வச்சு உக்காரக்கூடாது, கிளீட்டுன்னு ஒரு சின்ன இரும்புத் துண்டு வச்சு போல்ட்டு போடச் சொல்லு. ஷீட்டுக்கு ஜே போல்ட்டு போடுவான், இழுத்தா அந்தக் கொக்கி நிமுந்துரும், யூ போல்ட்டு போடச் சொல்லு, அகல வாஷர் வச்சு. ஓரத்துலயும் மூலைலயும்தான் உறிஞ்சுறது அதிகம், அங்க நெருக்கமா, நடுவுல வழக்கம் போல. ஷீட்டு மேல கல்லு, மணல் மூட்ட, பழய டயரு இதெல்லாம் ஏத்துற வேலயே வேண்டாம், காத்து வந்தா அந்தக் கல்லுதான் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள்ள போவும். உவரி உப்புக் காத்துக்கு சாதா ஸ்க்ரூ சீக்கிரம் துரு ஏறிரும், ஸ்டெயின்லெஸ் வாங்கு, கஞ்சத்தனம் பண்ணாத. மேக்க அடைக்கணும்னா கழட்டுற மாதிரி வை, ஐப்பசி வந்ததும் கழட்டி வச்சிரலாம். சொன்னா கேக்க மாட்ட, இருந்தாலும் சொல்லுதேன், 600 எதுக்கு, நீயும் தங்கச்சியும் உக்கார 150 போதாதா? மேல டேங்க மறந்துராத, காலியா இருந்தா உருண்டு போவும், புயல்னு சொன்னா நெறச்சு வை.

தண்ணியப் பத்தி ஒண்ணு சொல்லாம விட முடியாது. டாம்பால மருமவன் வீட்டு ஏரியாவுல 2024ல ஹெலீன்னு ஒரு புயல் தூரமா கடலுக்குள்ளயே போயிட்டு, காத்து பெருசா இல்ல, ஆனா கடல் ஏறி வந்து கரையோர வீட்டுக்குள்ள பூந்துட்டு, ரெண்டு வாரத்துல மில்டன் வந்து பேஸ்பால் ஸ்டேடியத்து துணிக் கூரைய கிழிச்சிட்டுப் போயிட்டு. அங்க கரையில இருக்க புது வீட்ட எல்லாம் தூண் மேல தூக்கித்தான் கட்டுதான். நமக்கு தனுஷ்கோடி 1964 இருக்கு, டிசம்பர் 22 ராத்திரி பாம்பன் பாசஞ்சர் ரயில முழுங்குனது காத்து இல்ல, கடலு. அதவிட கிட்டத்துல 2023 டிசம்பர் 17, 18, அதுக்கு புயல்னு பேருகூட வைக்கல, காயல்பட்டணத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டிட்டு, திருநெல்வேலி ஜங்ஷன்ல தாமிரவரணி என்ன பண்ணுச்சுன்னு நீயே போன்ல அழுத. அதனால கேக்குதேன், பேஸ்மட்டம் ரோட்ல இருந்து எவ்வளவு ஒசரம் வச்சிருக்க? ரோட்ட சொரண்டாம மேல மேல தாரு போட்டு ஒசத்திட்டே போறானுவ, இன்னைக்கு மூணடி இருக்கது பேரன் காலத்துல ஒரடிதான். அது கட்டி முடிஞ்சதுன்னா இனி ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா இபி மீட்டர், இன்வெர்ட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர் மூணயும் நெஞ்சு ஒசரத்துக்கு மேல வை, எலக்ட்ரீசியன் கைக்கு வசதியா கீழ வைக்கேன்னுதான் சொல்லுவான், விடாத.

ஒன் சைட்டுல யாரு மேஸ்திரி, திசையன்விளை ஆளா? கம்பி கட்டி முடிச்சதும் காங்கிரீட்டு போடுறதுக்கு முந்தி எனக்கு ஒரு போன் போடு, பில்லர் எங்கெங்க வருதுன்னு ஒரு தாள்ல வரஞ்சு போட்டோ எடுத்து அனுப்பு, போல்ட்டு எங்க வைக்கணும்னு குறிச்சுத் தாரேன். போல்ட்ட வள்ளியூர்ல நானே வாங்கி பஸ்சுல குடுத்து விடுதேன், ஒன் ஆளு வாங்குனா மெல்லிசா வாங்கிட்டு வந்துருவான். ஏணி வச்சா ஏற முடியுமோ என்னமோ, கீழ நாற்காலி போட்டு உக்காந்தாவது பாத்துக்கிடுதேன். தங்கச்சிய கேட்டதா சொல்லு, சின்னவனுக்கு வரன் பாக்குறதா கேள்விப்பட்டேன், களக்காட்டுல ஒரு எடம் இருக்கு, பொண்ணு பேங்க்ல வேல, நேர்ல வந்து பேசுதேன். உடன்குடி கருப்பட்டி நல்லது கெடைச்சா ஒரு அஞ்சு கிலோ எடுத்து வை, போன தடவ குடுத்தது சீனி கலந்தது.

ஒன்
மாப்ள