முதல் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள்: ஊர் வருமான வரி குறித்து ஒஹாயோ தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒஹாயோ மாநிலத்துத் தமிழ்ச் சங்கங்களின் செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

புதிதாக வந்திறங்கும் குடும்பங்களுக்கு வீடு பார்ப்பதிலும், ஓட்டுநர் உரிமம் எடுப்பதிலும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதிலும் நீங்கள் செய்துவரும் உதவியை நானும் பெற்றவன். அந்த உதவிகளோடு இதுவரை சேராத ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். கூட்டாட்சி அரசுக்கும் மாநிலத்துக்கும் கட்டுவது போக, சம்பளத்தின் மீது ஊர்களே தனியாக விதிக்கும் ஊர் வருமான வரியைப் பற்றி அவர்களுக்கு முதல் மாதத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் இங்கே வந்த மூன்றாம் ஆண்டில், குடியிருந்த ஊரின் வரி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கான வரியும், அதன் மேல் அபராதமும் வட்டியும் கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. கூட்டாட்சி அரசுக்கும் மாநிலத்துக்கும் தவறாமல் கணக்குத் தாக்கல் செய்திருந்தோம். சம்பளச் சீட்டில் 'லோக்கல்' என்று ஒரு பிடித்தமும் இருந்தது. தமிழ்நாட்டில் மாநகராட்சிக்குச் சேர வேண்டிய தொழில் வரியை அரையாண்டுக்கு ஒருமுறை நிறுவனமே பிடித்துக் கட்டிவிடும், அதுவும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது என்பதால், அதைப் பற்றி ஒருநாளும் யோசித்திராத நாங்கள் இதையும் அப்படியே எண்ணிக்கொண்டோம். அந்த எண்ணத்துக்கு நாங்கள் கொடுத்த விலை ஒரு மாத வீட்டு வாடகையைவிட அதிகம்.

ஒஹாயோவில் இந்த வரியை முதலில் விதித்த நகரம் டொலீடோ, ஆண்டு 1946. இன்று 600-க்கும் மேற்பட்ட நகரங்களும் சிற்றூர்களும் இதை வசூலிக்கின்றன. கொலம்பஸிலும் கிளீவ்லாந்திலும் 2.5 விழுக்காடு, கொலம்பஸின் புறநகரான டப்ளினில் 2, சின்சினாட்டியில் 1.8 என்று ஊருக்கு ஊர் மாறும். எந்த நகர எல்லைக்குள்ளும் சேராத, டவுன்ஷிப் எனப்படும் பகுதிகளில் பொதுவாக இந்த வரி இல்லை. அஞ்சல் முகவரியில் கொலம்பஸ் என்று இருந்தாலும் வீடு டவுன்ஷிப்பில் இருக்கக்கூடும் என்பதால், மாநில வரித்துறையின் 'ஃபைண்டர்' தளத்தில் முகவரியைக் கொடுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

புதியவர்கள் தடுமாறுவது, ஒரே சம்பளத்தின் மீது இரண்டு ஊர்களுக்கு உரிமை உண்டு என்ற இடத்தில்தான். வேலை பார்க்கும் ஊருக்கு முதல் உரிமை. குடியிருக்கும் ஊருக்கு அடுத்த உரிமை. வேலை பார்க்கும் ஊருக்குக் கட்டியதைக் குடியிருக்கும் ஊர் எவ்வளவு கழித்துக்கொள்ளும் என்பதை அந்த ஊரே முடிவு செய்கிறது. சில ஊர்கள் முழுவதும் கழிக்கும், சில பாதியை, சில எதையுமே கழிப்பதில்லை. டப்ளினில் குடியிருந்து கொலம்பஸில் வேலை பார்ப்பவருக்கு, 2.5 விழுக்காடு ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருப்பதால், டப்ளினுக்குக் கட்ட மீதம் ஏதும் இல்லை. கொலம்பஸில் குடியிருந்து டப்ளினில் வேலை பார்ப்பவருக்கோ அரை விழுக்காடு பாக்கி நிற்கும். ஒரு லட்சம் டாலர் சம்பளத்துக்கு அது 500 டாலர்.

இந்தப் பாக்கியை நிறுவனம் பிடித்திருக்க வேண்டாமா என்று எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். வேலை பார்க்கும் ஊருக்கான வரியைப் பிடிக்கவே சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துகிறது. அதிலும், ஓர் ஊரில் ஆண்டுக்கு 20 நாள்களுக்கு மேற்படாமல் வேலை செய்தால் அந்த ஊருக்குப் பெரும்பாலும் பிடிக்க வேண்டியதில்லை. குடியிருக்கும் ஊருக்காகப் பிடிப்பது நிறுவனம் விரும்பினால் செய்யும் உதவி மட்டுமே. ஆனாலும் கேட்டால் பல நிறுவனங்கள் செய்து தருகின்றன என்பதால், வேலையில் சேர்ந்த வாரத்திலேயே சம்பளப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டுவிடும்படி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அப்படிப் பிடிக்காவிட்டால் காலாண்டு முன்பணம் கட்டும் பொறுப்பு நம்முடையது. இந்தியாவில் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டியவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. பிடித்தமும் கழிவும் போக ஓர் ஊருக்கு ஆண்டுக்கு 200 டாலர் அல்லது அதற்கு மேல் பாக்கி வரும் என்று தெரிந்தால், ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15 ஆகிய நான்கு தவணைகளில் கட்ட வேண்டும். அந்த ஆண்டின் வரியில் 90 விழுக்காட்டையோ, முழு ஆண்டுக்குக் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் முந்தைய ஆண்டு வரி முழுவதையுமோ தவணை தவறாமல் கட்டியவருக்கு அபராதம் இல்லை. தவறினால் கட்டாத தொகையில் 15 விழுக்காடு வரை அபராதமும், அதற்கு மேல் வட்டியும் உண்டு. ஜனவரி 1 அன்று அந்த ஊரில் குடியிராமல் பிறகு குடிவந்தவருக்கு அந்த ஓர் ஆண்டின் முன்பணக் குறைவுக்கு அபராதம் விதிப்பதில்லை. வரி வரிதான், அதைக் கட்டியே ஆக வேண்டும்; ஆனால் கற்றுக்கொள்ளச் சட்டமே தரும் அந்த முதல் ஆண்டு, சொல்லித்தர ஆளில்லாமல் வீணாகிறது என்பதே என் வருத்தம்.

வீட்டிலிருந்தே வேலை செய்வோர் இப்போது நம்மிடையே மிகுதி. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்த நாள்களையும் அலுவலக ஊரின் கணக்கிலேயே வைத்த தற்காலிகச் சட்டம் 2021 இறுதியோடு முடிந்துவிட்டது. 2022 முதல், வீட்டில் வேலை செய்த நாள்களுக்கான வரி வீடு இருக்கும் ஊருக்கே உரியது. நிறுவனம் அலுவலக ஊருக்கே தொடர்ந்து பிடித்துக்கொண்டிருந்தால், அங்கே விண்ணப்பித்து மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பப் பெற்று, வீட்டு ஊருக்குத் தனியாகக் கட்ட வேண்டும். வெளிமாநில நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவரிடம் எந்த ஊருக்கும் பிடித்தம் இல்லாமலே போகலாம். டப்ளின்வாசி ஒருவருக்கு ஒரு லட்சம் டாலருக்கு 2,000 டாலர், தவணைக்கு 500 வீதம், முழுக்க அவர் பொறுப்பில் விழுகிறது. சம்பளம் என்று ஊர் கணக்கிடுவதும் பெரும்பாலும், நிறுவனம் ஆண்டுதோறும் தரும் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவத்தின் 5-ஆம் கட்டத்துத் தொகையைத்தான். 401-கே ஓய்வுக்காலச் சேமிப்புக்குப் போட்ட பணமும் அதில் அடக்கம். எந்த ஊருக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பதை 18 முதல் 20 வரையுள்ள கட்டங்கள் காட்டும். அவற்றைப் பார்க்கச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும். பல ஊர்களுக்காக வசூலிக்கும் ரீட்டா, சிசிஏ ஆகிய அமைப்புகளின் பெயரையும் சொல்லி வையுங்கள். அவர்களின் கடிதத்தை மோசடி என்று எண்ணிக் கிழித்துப்போட்டவர்களை நான் அறிவேன்.

ஜனவரி 15 பொங்கலை ஒட்டியும், ஏப்ரல் 15 சித்திரைத் திருநாளுக்கு மறுநாளும் வருகின்றன. அந்த இரண்டு விழாக்களுக்கும் நாம் எப்படியும் கூடுகிறோம். அரங்கின் வாசலில் ஒரு மேசை போட்டு, விவரம் தெரிந்த இருவரை அமர்த்தி, நம் பகுதி ஊர்களின் வரி விகிதமும் கழிவும் தவணை நாள்களும் அச்சிட்ட ஒரு தாளை ஒவ்வொரு புதுக் குடும்பத்தின் கையிலும் கொடுங்கள். அந்தத் தாளைத் தமிழில் எழுதித்தரவும், வரும் பொங்கல் விழாவில் நாள் முழுவதும் அந்த மேசையில் உட்காரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

அன்புடன்,
மத்திய ஒஹாயோவிலிருந்து ஓர் உறுப்பினர்