"நீ நின்று பார்த்தாயா?"

சோபியா, பல்கேரியா,
மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். குளிர் இன்னும் விடவில்லை. கையில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நூல் கட்டியிருக்கிறேன். மார்ச் 1 அன்று இங்கே ஒருவருக்கொருவர் கொடுத்துக் கட்டிக்கொள்வார்கள். மார்த்தெனித்ஸா என்று பெயர். நாரையையோ பூத்த மரத்தையோ கண்ணால் பார்க்கிற வரை கழற்ற மாட்டார்கள்.

"பல்கேரிய மொழியைப் படித்து என்ன செய்யப்போகிறாய்?" என்று போனில் கேட்டீர்கள். அன்று பதில் சரியாக வரவில்லை. போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

கீழ்வீட்டுக்காரர் ஊருக்குக் கிளம்பிவிட்டார் என்று வீட்டுக்காரப் பாட்டியிடம் சொன்னேன். "ஸமினா" என்றேன். பாட்டி உடனே, "நீ நின்று பார்த்தாயா?" என்றார். எங்கே பார்த்தேன், கடைக்காரர் சொன்னதுதான். "அப்போது 'ஸமினல்' என்று சொல்" என்றார். ஸமினா என்றால் கிளம்பினார். ஸமினல் என்றால் கிளம்பினாராம். நம்முடைய 'ஆம்'தான் அப்பா!

மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களைத் தேடித்தேடி வாங்கினீர்களே, அந்த ரஷ்ய மொழி பல்கேரியனுக்குச் சொந்தம்தான். ஆனால் அதில் இப்படி ஒரு வினை வடிவம் கிடையாது. துருக்கியில் உண்டு: கெல்தி, வந்தான், கெல்மிஷ், வந்தானாம். 1878 வரை இங்கே ஏறக்குறைய 500 வருடம் துருக்கியரின் ஒட்டோமான் ஆட்சி. சந்தையிலும் அடுத்த வீட்டிலும் துருக்கி கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டது என்று ஒரு கட்சி. இல்லை, பல்கேரியனும் ரஷ்யனும் சேர்ந்த ஸ்லாவிய மொழிக் குடும்பத்துக்குள்ளேயே முளைத்தது என்று இன்னொரு கட்சி. வகுப்பில் இதற்குப் பெரிய சண்டையே நடக்கும். எனக்கென்னவோ விதை இவர்களுடையது, தண்ணீர் ஊற்றியது துருக்கி என்று தோன்றுகிறது. ஒரு வினைச்சொல்லின் வாலைப் பிடித்தால் சரித்திரமும் நாட்டுப்புறக் கதையும் கூடவே வருகின்றன. என் மேசையில் துருக்கி இலக்கணம் கிடப்பது அதனால்தான். அப்புறம் அல்பேனியன், ருமேனியன் வேறு. அவை வேறு வேறு கிளை மொழிகள். ஆனாலும் ஆங்கிலத்தில் முன்னால் வரும் 'தி'யை இவை பல்கேரியனைப் போலவே சொல்லின் வாலில் ஒட்டுகின்றன. அக்கம்பக்கத்துப் பழக்கம்.

தயிருக்கு இங்கே குறைவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஒரு உதவி. இங்கே கதையை "இமலோ எத்னோ வ்ரேமே", அதாவது 'ஒரு காலத்தில் இருந்ததாம்' என்று தொடங்குவார்கள். அதிலும் இந்த 'ஆம்' இருக்கிறது. ஆச்சியை அந்த நரிக் கதையைச் சொல்லச்சொல்லி போனில் பதிவு செய்து அனுப்புங்கள். பாதிக் கதையில் 'ஆம்' போடாமல், கூடவே நின்று பார்த்தது மாதிரி சொல்ல ஆரம்பித்துவிடுவாள். எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியவேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்